அனோமலோகாரிஸ் யாருக்கு உறவு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் எடுக்கிறேன். கேம்பிரியன் காலக் கடலைப் பற்றிய உங்கள் கட்டுரையை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். அதில் அனோமலோகாரிஸ் என்ற விலங்கைக் கணுக்காலிகளின் கதையில் சேர்த்து எழுதியிருந்தீர்கள். அடுத்த நாளே பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி பள்ளி நூலகத்திலிருந்து ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இந்த விலங்கு நமக்குத் தெரிந்த எந்த விலங்குத் தொகுதியிலும் (phylum) சேராது, வாரிசில்லாமல் அழிந்துபோன தனித் தொகுதி என்று அதில் இருக்கிறது. இணையத்தில் தேடினால் ஓரிடத்தில் இறால் என்கிறார்கள், இன்னோரிடத்தில் ஜெல்லிமீன் என்றுகூட வருகிறது.

“டீச்சர், ஒரே விலங்கை ஆளுக்கொரு விதமாகச் சொன்னால் நாம் எதை நம்புவது? நாளைக்கு இதையும் மாற்றுவார்களா?” என்று கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான். நடப்பதற்குக் கால்களே இல்லாத ஒரு விலங்கை எந்த அடிப்படையில் கணுக்காலிகளோடு சேர்க்கிறார்கள்? நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.

அன்புடன்,
சு.,
விருதுநகர் மாவட்டம்

*

அன்புள்ள சு. அவர்களுக்கு,

உங்கள் மாணவி கொண்டுவந்த புத்தகத்தில் இருப்பது அசட்டுத்தனமான பிழை அல்ல. அந்தப் புத்தகம் வந்த காலத்தில் இந்த விலங்கை மிக நன்றாக அறிந்திருந்தவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். இறால் என்றவரும் ஜெல்லிமீன் என்றவரும்கூடக் கல்லைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்கள். அதனால் இதற்கு ஒரு வரியில் பதில் எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. யார் எதைப் பார்த்து எதைச் சொன்னார் என்று வரிசையாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், ராக்கி மலைத்தொடரில், ஃபீல்ட் என்ற சிற்றூருக்கு மேலே ஸ்டீபன் மலை இருக்கிறது. 1880களில் அந்த வழியாக ரயில் பாதை போட்டார்கள். மலைச்சரிவில் கல்லுக்குள் பூச்சிகள் கிடக்கின்றன என்று ரயில்வே ஆட்கள் பேசிக்கொண்டது, கனடா நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த ரிச்சர்ட் மெக்கானலின் காதுக்கு எட்டியது. 1886ல் அவர் மேலே ஏறினார். அந்த மலையிலிருந்து வந்த சேகரிப்பில் பெரும்பாலானவை டிரைலோபைட்டுகள், அதாவது அழிந்துபோன ஓடுள்ள கடல் கணுக்காலிகள். அவற்றோடு, கணுக்கணுவாக வளைந்த, ஒரு பக்கம் மட்டும் முள் வைத்த துண்டுகளும் நிறைய இருந்தன.

அப்படி ஒரு துண்டை நெருங்கிப் பாருங்கள். அடிப்பக்கம் தடித்து, நுனியை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும் கணுக்கள். ஒவ்வொரு கணுவின் உள்வளைவிலும் ஒரு ஜோடி முள். ஒரு கணுவில் முள் நீளமாக இருந்தால் அடுத்த கணுவில் குட்டை, அதற்கடுத்ததில் மறுபடி நீளம். ஒவ்வொரு முள்ளின் இரண்டு பக்கமும் சின்ன முள் ஒன்று கிளைத்திருக்கும். அதே துறையின் தொல்லுயிர் அறிஞர் ஜோசப் வைட்டீவ்ஸ் 1892ல் இதற்கு அனோமலோகாரிஸ் கனடென்சிஸ் என்று பெயர் வைத்தார். இறால் இனத்து உயிர் ஒன்றின் உடல் இது, தலைதான் கிடைக்கவில்லை என்றார். உள்பக்கத்து முட்கள் உடலுக்குக் கீழே தொங்கும் கால்கள் என்று அவருக்குத் தோன்றியது.

இதைப் படிக்கும் உங்கள் மாணவி சிரிக்கலாம். சிரிக்கும் முன் அவளை ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். கணுக்கள் இருக்கின்றன, கணுக்களுக்கு நடுவே மடங்கும் இடம் இருக்கிறது, மேலே கெட்டியான தோடு இருக்கிறது என்று வைட்டீவ்ஸ் பார்த்ததெல்லாம் சரி. இன்றுவரை அதை யாரும் மறுக்கவில்லை. தன்னிடம் இருப்பது முழு உடலா, உடலின் ஒரு பாகமா என்ற ஒரே ஓர் இடத்தில்தான் அவர் வழி தவறினார். வேறு துண்டு எதுவும் கையில் இல்லாத நிலையில் அதை அவர் எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும் என்று யோசித்தால் எனக்கு விடை கிடைப்பதில்லை.

அப்புறம் 1909. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலர் சார்லஸ் வால்காட், அதே வட்டாரத்தில் இன்னும் உயரமான ஓரிடத்தில் பர்ஜஸ் ஷேல் என்று இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் களிப்பாறை அடுக்கைக் கண்டுபிடித்தார். சுமார் 50 கோடியே 80 லட்சம் ஆண்டுகள் பழைய சேறு அது. சாதாரணமாக ஓடும் எலும்பும் மட்டுமே கல்லாகும். இங்கே மெல்லுடலும் குடலும் கண்ணும்கூடப் படலமாகப் பதிந்திருந்தன. பிந்தைய ஆண்டுகளையும் சேர்த்து வால்காட் அங்கிருந்து எடுத்தது 65,000 மாதிரிகளுக்கு மேல்.

அவற்றில் மூன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நடுவில் துளை வைத்து வில்லையாக நறுக்கிய அன்னாசிப்பழம் போன்ற ஒரு வட்டம் கிடைத்தது. மையத்தைச் சுற்றி 32 தகடுகள், அவற்றில் நான்கு மட்டும் பெரியவை, ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில். வால்காட் அதை ஜெல்லிமீன் என்று கொண்டு, 1911ல் பெய்டோயா என்று பெயர் வைத்தார். நீளமாக நசுங்கிய மெத்தென்ற ஓர் உடல் கிடைத்தது. அது கடல் வெள்ளரி என்றார், லாகானியா என்று பெயர். சீப்புப் பற்கள் மாதிரி முள் வரிசை கொண்ட, கணுவுள்ள ஒரு உறுப்பு கிடைத்தது. அதைச் சிட்னியா என்ற வேறொரு கணுக்காலியின் முன்னுறுப்பு என்று முடிவு செய்தார். வைட்டீவ்ஸின் இறால் நான்காவதாக ஏற்கெனவே இருந்தது.

ஆக, நான்கு துண்டுகளுக்கு நான்கு முகவரி. இணையத்தில் நீங்கள் பார்த்த ஜெல்லிமீன் இங்கிருந்து வந்ததுதான்.

இந்தத் துண்டுகள் ஏன் தனித்தனியாகக் கிடந்தன என்பதற்கு விலங்கின் உடலமைப்பிலேயே காரணம் இருக்கிறது. அதன் கைகளும் வாய்த்தகடுகளும்தான் கெட்டியானவை. மற்ற உடல் மெல்லியது. செத்தாலோ சட்டை உரித்தாலோ மெல்லிய பகுதி சீக்கிரம் அழிந்து, கெட்டியானவை பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போய்விடும். ஸ்டீபன் மலையில் கைகள் அத்தனை கிடைத்தும் முழு விலங்கு கிடைக்காமல் நெடுங்காலம் தவித்தது இதனால்தான்.

நடுவில் நடந்த சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1928ல் ஹென்ரிக்சன், வைட்டீவ்ஸின் தலையில்லாத உடலுக்கு டூசோயா என்ற வேறொரு ஓட்டைத் தலையாக வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. 1978ல் கேம்பிரிட்ஜின் சைமன் கான்வே மோரிஸ், லாகானியாவின் ஒரு முனையில் பெய்டோயா வட்டம் ஒட்டியிருப்பதைக் கவனித்தார். ஒரு கடற்பஞ்சின் மேல் ஒரு ஜெல்லிமீன் தற்செயலாக விழுந்து இரண்டும் சேர்ந்து பதிந்துவிட்டன என்று விளக்கம் தந்தார். இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதை அவர் பார்த்துவிட்டார், ஒரே உடல் என்ற முடிவுக்கு மட்டும் வரவில்லை. 1979ல் அதே கேம்பிரிட்ஜின் டெரெக் பிரிக்ஸ் ஒரு பெரிய அடி எடுத்து வைத்தார். வைட்டீவ்ஸ் உடல் என்றது உடலே அல்ல, மிகப் பெரிய ஒரு கணுக்காலியின் கால் என்றார். உடலாக இருந்தால் நடுவே குடல் ஓடியிருக்க வேண்டும், இதில் குடல் இல்லை. வால்காட் சிட்னியாவுக்குக் கொடுத்த முள் உறுப்பும் அதே பெரிய விலங்கினுடையது, முள் உறுப்பு இரை பிடிக்க, வைட்டீவ்ஸின் துண்டு நடக்க என்று அவர் கருதினார்.

இனி வருவது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். இந்த விலங்கைப் பற்றி எங்கே பேசினாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

கனடா நிலவியல் ஆய்வுத் துறை 1966லும் 1967லும் பர்ஜஸ் ஷேலை மறுபடி தோண்டியது. அந்த மாதிரிகள் பிரிக்ஸுக்கும் கான்வே மோரிஸுக்கும் ஆசிரியரான ஹாரி விட்டிங்டனிடம் போயின. 1980களின் தொடக்கத்தில் அவர் ஒரு கல்லை எடுத்துச் சுத்தம் செய்தார். சுத்தம் செய்வது என்றால் கழுவுவது என்று நினைத்துவிடக் கூடாது. நுண்ணோக்கியின் கீழே கல்லை வைத்து, பல் மருத்துவர் கையில் இருப்பது போன்ற அதிரும் ஊசியால் ஒவ்வொரு படலமாகச் செதுக்கி எடுக்கும் வேலை. பர்ஜஸ் ஷேல் விலங்குகள் சேற்றில் புதைந்தபோது உறுப்புகளுக்கு நடுவிலும் சேறு புகுந்திருக்கிறது. மேலே ஓர் உறுப்பு, நடுவே மயிரிழைச் சேறு, கீழே இன்னோர் உறுப்பு. மேலே உள்ளதைத் துணிந்து எடுத்தால்தான் கீழே இருப்பது தெரியும். எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. அந்த ஊசியால் விட்டிங்டன் மெல்லக் கீழே இறங்கியபோது, தலைப்பகுதியில் வைட்டீவ்ஸின் இறால் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றல்ல, ஜோடியாக. பக்கத்திலேயே ஜெல்லிமீன் என்று சொல்லப்பட்ட வட்டம்: அதுதான் வாய். இன்னொரு கல்லில் அதே வாய்க்கு முன்னால் சிட்னியாவினது என்று நினைத்த முள் உறுப்பு ஜோடி. கடல் வெள்ளரியும் கடற்பஞ்சும் விலங்கின் உடல்தான்.

விட்டிங்டனும் பிரிக்ஸும் 1985ல் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையில் முழு விலங்கு முதல்முறையாக வெளியே வந்தது. முன்னால் வளைந்த இரண்டு கைகள், காம்பின் மேல் பெரிய கண்கள், அடியில் வட்ட வாய், பக்கவாட்டில் வரிசையாக நீந்தும் மடல்கள். நடக்கும் கால்கள் இல்லை.

சரி, விலங்கு கிடைத்துவிட்டது. அது யார்?

உங்கள் மாணவியின் புத்தகம் இந்த இடத்தில்தான் நிற்கிறது. விட்டிங்டனும் பிரிக்ஸும் ஒரு கணுக்காலியிடம் என்னவெல்லாம் இருக்க வேண்டும் என்று பார்த்தார்கள். உடல் முழுக்கக் கெட்டித் தகடு வேண்டும், இல்லை. உடலின் கண்டந்தோறும், அதாவது வரிசையாக அமைந்த உடல் பகுதிதோறும், கணுவுள்ள கால் ஜோடி வேண்டும், இல்லை. கணு இருப்பது தலையில் உள்ள ஒரே ஜோடி உறுப்பில் மட்டும். வட்டமான தகடு வாய் எந்தக் கணுக்காலியிடமும் இல்லை. அதனால் இது இதுவரை அறியப்படாத ஒரு தொகுதி என்று எழுதினார்கள். அன்று கையில் இருந்த அளவுகோலின்படி அது நேர்மையான முடிவு. கேம்பிரியன் கடலில் இப்படித் தனித்தனித் தொகுதிகள் நிறையத் தோன்றி அழிந்தன என்ற எண்ணம் 1980களில் வலுவாக இருந்தது. உங்கள் நூலகப் புத்தகம் அந்தக் காலத்தின் குரல்.

1990களில் இரண்டு பக்கத்திலிருந்து இந்த முடிவின் மேல் கேள்விகள் வந்தன. ஒன்று, புதிய இடங்கள். சீனாவின் யுன்னானில் செங்ஜியாங், கிரீன்லாந்தின் வடகோடியில் சிரியஸ் பாசெட் என்று பர்ஜஸ் ஷேலைவிடப் பழைய படுகைகளில் இதன் உறவுகள் கிடைக்கத் தொடங்கின. ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்தின் டெஸ்மண்ட் காலின்ஸ், கனடாவில் புதிதாகத் தோண்டி எடுத்த முழு மாதிரிகளை வைத்து, 1996ல் அனோமலோகாரிஸுக்கும் அதன் உறவுகளுக்கும் ரேடியோடோன்டா என்ற வரிசையை உருவாக்கி, அதைக் கணுக்காலிகளுக்குள்ளேயே ஒரு புதிய வகுப்பில் வைத்தார். எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. வட்ட வாயைக் காட்டி, வட்ட வாயுள்ள புழுக் கூட்டத்தோடு இதற்கு உறவு இருக்கலாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

இரண்டாவது பக்கம்தான் முக்கியமானது. அங்கே மாறியது கேள்வி. உங்கள் வகுப்பில் விளக்க வேண்டியதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

இன்று உயிரோடு இருக்கும் தேள், நண்டு, இறால், பூரான், எறும்பு எல்லாவற்றுக்கும் பொதுவான கடைசி மூதாதை ஒன்று ஒரு காலத்தில் இருந்தது. அந்த மூதாதையையும் அதன் வழியில் வந்த அனைத்தையும் சேர்த்து மகுடக் குழு என்கிறார்கள். இன்றைய உயிர்களில் கணுக்காலிகளுக்கு நெருக்கமான உறவுகளில் ஒன்று வெல்வெட் புழு. மென்மையான தோலும் கணுவில்லாத குட்டைக் கால்களும் கொண்டு, ஈர மண்ணில் ஊரும் உயிர். (நம் நாட்டிலும் உண்டு. அருணாசலப் பிரதேசத்தின் சியாங் பள்ளத்தாக்கில் 1911ல் கிடைத்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் இருந்து அண்மையில்தான் மறுபடி கிடைத்திருக்கிறது. பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு படமாவது போட்டிருக்கலாம்.) வெல்வெட் புழுவின் வழியும் கணுக்காலிகளின் வழியும் எங்கோ பிரிந்தன. பிரிந்த அந்த இடத்துக்கும், கணுக்காலிகளின் கடைசிப் பொது மூதாதைக்கும் நடுவே மிக நீண்ட காலம் ஓடியது. அந்த இடைப்பட்ட தண்டிலிருந்து கிளைத்து, பிறகு அழிந்துபோனவற்றைத் தண்டுக் குழு என்கிறார்கள்.

தண்டில் இருக்கும் ஒரு விலங்கிடம் இன்றைய கணுக்காலியின் எல்லா அடையாளமும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. சில இருக்கும், சில இன்னும் வந்திருக்காது. விட்டிங்டனும் பிரிக்ஸும் எதைப் பார்த்து இது கணுக்காலி அல்ல என்றார்களோ, அதே பட்டியல்தான் இன்று இது கணுக்காலித் தண்டில் எங்கே நிற்கிறது என்று காட்டுகிறது. இந்தத் திருப்பத்துக்குப் புதிய கல்லைவிடப் புதிய சிந்தனையே அதிகம் உதவியது. சிரியஸ் பாசெட்டின் கெரிக்மாச்செலா என்ற விலங்கையும், பர்ஜஸ் ஷேலின் ஐந்து கண் ஓபாபினியாவையும் வைத்து கிரஹாம் பட் 1990களில் இந்த வாதத்தைக் கட்டினார்.

உங்கள் கால் கேள்விக்கு இப்போது வரலாம். கால் இல்லாததை எந்த அடிப்படையில் சேர்க்கிறார்கள்? கண்ணை வைத்து. 2011ல் ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில், எமு பே என்ற இடத்துக் களிப்பாறையிலிருந்து அனோமலோகாரிஸின் கண்கள் வெளியாயின. 2 முதல் 3 சென்டிமீட்டர் அகலம். ஒரு கண்ணில் குறைந்தது 16,000 வில்லைகள். வீட்டு ஈயின் கண்ணில் சில ஆயிரம்தான், இன்று இதை மிஞ்சுபவை தும்பி போன்ற சில மட்டுமே. கல்லில் அந்த வில்லைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு அறுகோணங்களாக அடுக்கப்பட்டிருப்பது அப்படியே தெரிகிறது. கூட்டுக்கண் கணுக்காலிகளின் சொத்து. வெல்வெட் புழுவிடம் அது இல்லை.

இதன் பொருளைக் கொஞ்சம் நின்று யோசித்தால் உடம்பு சிலிர்க்கும். உடலுக்குக் கெட்டித் தகடு வருவதற்கு முன்பே, நடக்கும் கணுக்கால்கள் வருவதற்கு முன்பே, கூட்டுக்கண் வந்துவிட்டது. கணுக்காலியின் அடையாளங்கள் எந்த வரிசையில் சேர்ந்தன என்று உயிரோடு இருக்கும் எந்த விலங்கைப் பார்த்தும் சொல்ல முடியாது. அவை எல்லாமே எல்லாவற்றையும் ஏற்கெனவே பெற்றுவிட்டவை. பாதி வழியில் நிற்கும் விலங்குதான் அதைச் சொல்ல முடியும். அனோமலோகாரிஸை நான் இவ்வளவு பெரிதாக எண்ணுவதற்குக் காரணம் அதன் பயங்கர உருவம் அல்ல, இதுதான்.

கால்களின் கதையிலும் இன்னொரு சேதி உண்டு. மொராக்கோவின் ஃபெசுவாட்டா படுகையில், சுமார் 48 கோடி ஆண்டுகள் பழைய பாறையில், முகமது உ சயித் பென் மூலா என்ற உள்ளூர்ச் சேகரிப்பாளர் ஒரு பெரிய ரேடியோடோன்டைக் கண்டெடுத்தார். 2015ல் அவர் பெயரையே சேர்த்து ஈஜிரோகாசிஸ் பென்மூலை என்று பெயரிட்டார்கள். 2 மீட்டர் நீளம், நீரை வடிகட்டி நுண்ணுயிர்களை உண்ட விலங்கு. பர்ஜஸ் ஷேல் மாதிரிகள் காகிதமாக நசுங்கியவை. இது அப்படி நசுங்காமல் கனத்தோடு கல்லாகியிருந்தது. அதனால்தான் நூறாண்டாக யாரும் பார்க்காத ஒன்று தெரிந்தது: ஒவ்வொரு கண்டத்திலும் மடல்கள் ஒரு ஜோடி அல்ல, இரண்டு ஜோடி. மேலே ஒன்று, கீழே ஒன்று. இறாலின் உறுப்பு அடியில் ஒன்றாக இருந்து இரண்டு கிளையாகப் பிரிவதை நீங்கள் ஆய்வுக்கூடத்தில் காட்டியிருப்பீர்கள். மேல் மடலும் கீழ் மடலும் பிற்காலத்தில் அடியில் ஒன்றாக இணைந்துதான் அந்த இருகிளை உறுப்பு உருவானது என்று இதை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

இனி இன்றைக்கும் சண்டை ஓயாத இடம். விலங்கின் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு கைகள் இன்றைய கணுக்காலிகளில் என்னவாயின?

கணுக்காலிகளின் தலை பல கண்டங்கள் சேர்ந்து உருவானது. மூளையும் அப்படித்தான். மூளையின் முதல் பகுதி கண்களுக்கு. இரண்டாம் பகுதியிலிருந்து நரம்பு போவது எறும்பின் உணர்கொம்புக்கும், இறாலின் முதல் ஜோடி உணர்கொம்புக்கும், தேளின் வாய்க் கொடுக்குக்கும். எந்த உறுப்பு எதற்குச் சமம் என்று முடிவு செய்ய நரம்பைத்தான் பின்தொடர வேண்டும். 50 கோடி ஆண்டுக்கு முந்தைய நரம்பை எங்கே தேடுவது? ஆனால் கிடைத்தது. 2014ல் செங்ஜியாங்கின் லைராராபாக்ஸ் என்ற சிறிய ரேடியோடோன்டின் தலையில் மூளையின் பதிவு இருப்பதாக ஒரு குழு அறிவித்தது. கைகளின் நரம்பு வெல்வெட் புழுவின் உணர்கொம்பைப் போல முன்பகுதியில் சேருகிறது என்றார்கள். இது உண்மையானால் அந்தக் கைகள் இன்றைய உணர்கொம்புக்கோ கொடுக்குக்கோ முன்னோடி அல்ல. அவை சிறுத்துச் சிறுத்து, வாய்க்கு முன்னால் தொங்கும் மேலுதடாக மட்டும் மிஞ்சியிருக்கலாம் என்பது ஒரு தரப்பின் கருத்து.

2020ல் அதே செங்ஜியாங்கிலிருந்து கைலின்சியா வந்தது. ஓபாபினியாவைப் போல ஐந்து கண் என்று அப்போது சொன்னார்கள் (மூன்றுதான் என்று 2023ல் ஓர் ஆய்வு திருத்தியது), அனோமலோகாரிஸைப் போன்ற கைகள், உடலோ அசல் கணுக்காலியின் உடல். அந்தக் கைகள் கொடுக்கோடும் உணர்கொம்போடும் ஒரே தொடர் என்று அதை விவரித்தவர்கள் வாதிட்டார்கள். 2022ல் ஜோசப் மோய்சியுக்கும் ஜான்-பெர்னார்ட் கரோனும் பர்ஜஸ் ஷேலின் ஸ்டான்லிகாரிஸை வெளியிட்டார்கள். பல டஜன் மாதிரிகளில் மூளையும் நரம்பும் பதிந்திருக்கின்றன. மூளை இரண்டு பகுதி, முதல் பகுதி கண்களுக்கு, இரண்டாம் பகுதி கைகளுக்கு என்று அவர்கள் வாசிக்கிறார்கள். கூடவே, பக்கவாட்டுக் கண்களுக்கு நடுவில் பெரிய மூன்றாவது கண் ஒன்றும் இருந்தது.

என் மனம் இரண்டாவது தரப்பின் பக்கம் சாய்கிறது. மாதிரிகள் அதிகம், அவை ஒன்றையொன்று உறுதி செய்கின்றன. ஆனால் நசுங்கிய தலையில் கரும் படலமாகத் தெரிவது நரம்பா குடலா என்று பிரித்தறிவது கடினமான வேலை. முதல் தரப்பு இன்னும் வாதத்தைக் கைவிடவில்லை என்பதையும் மாணவிகளிடம் சொல்லிவிடுங்கள்.

மாறிய வேறு சிலவற்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எங்காவது படித்துக் குழம்பக் கூடாது. 1985ன் சித்திரத்தில் அனோமலோகாரிஸுக்கும், இன்று பெய்டோயா என்று அழைக்கும் அதன் உறவு விலங்குக்கும் ஒரே மாதிரி வாய் வரைந்திருந்தார்கள். அன்னாசி வட்டம், நான்கு பெரிய தகடு. 2012ல் ஆலிசன் டேலியும் யான் பெர்க்ஸ்ட்ரோமும் அந்த வாய் பெய்டோயாவுக்கு மட்டுமே என்று காட்டினார்கள். அனோமலோகாரிஸின் வாயில் பெரிய தகடுகள் மூன்றுதான். சீப்பு முள் உறுப்பும் பெய்டோயாவுடையது. ஜெல்லிமீனுக்கு வால்காட் வைத்த பெயர், இன்று ஒரு முழு ரேடியோடோன்டின் பெயராக நிலைத்துவிட்டது. அளவும் குறைந்திருக்கிறது. ஒரு மீட்டர் என்று படங்களில் போடுவார்கள். இப்போதைய கணக்கில் அனோமலோகாரிஸ் கனடென்சிஸ் ஒரு முழத்துக்கும் சற்றுக் குறைவு. டிரைலோபைட்டுகளை நொறுக்கித் தின்ற அரக்கன் என்பதும் ஆட்டம் கண்டுவிட்டது. 2023ல் அந்தக் கைகளைக் கணினியில் இயக்கிப் பார்த்த ஓர் ஆய்வு, கெட்டி ஓட்டை உடைக்கும் பலம் அவற்றுக்கு இல்லை, நீரில் வேகமாக நீந்தி மெல்லுடலிகளைப் பிடிக்கத்தான் ஏற்றவை என்கிறது.

இனி உங்கள் மாணவியின் கேள்வி: நாளைக்கு இதுவும் மாறுமா?

சில மாறாது. இறால், ஜெல்லிமீன், கடல் வெள்ளரி என்று தனித்தனியாகச் சொல்லப்பட்டவை இந்த விலங்குகளின் பாகங்கள் என்பது இனி மாறாது. முழு உடல்கள் கனடாவிலும் சீனாவிலும் கிடைத்துவிட்டன. கூட்டுக்கண் மாறாது. கணுக்காலிகளின் தண்டில்தான் இது நிற்கிறது என்பதில் இன்று இந்தத் துறையில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அதனால்தான் என் கட்டுரையில் கணுக்காலிகளின் கதையில் சேர்த்து எழுதினேன். கணுக்காலி என்ற பெயரை மகுடக் குழுவுக்கு மட்டும் வைத்துக்கொள்பவர்கள் இதை வெளியே நிறுத்துவார்கள். தண்டையும் சேர்த்துக்கொள்பவர்கள் உள்ளே வைப்பார்கள். இரண்டு பேரும் மரத்தில் ஒரே இடத்தைத்தான் காட்டுவார்கள், கோட்டை எங்கே போடுவது என்பதில் மட்டும் வேறுபடுவார்கள். தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வியாக வந்தால் “கணுக்காலிகளின் தண்டுக் குழு, ரேடியோடோன்டா வரிசை” என்று எழுதச் சொல்லுங்கள். எந்தத் தரப்பும் அதைத் தவறு என்று சொல்லாது.

மாறக்கூடியவை கைகளின் அடையாளமும், தண்டில் ஓபாபினியா, ரேடியோடோன்டுகள், கைலின்சியா ஆகியவற்றின் முன்பின் வரிசையும். ஒரு யோசனை: அடுத்த செய்முறை வகுப்பில் இறாலை மேசையில் வைக்கும்போது, உணர்கொம்பு ஜோடிகளையும் வாய்க்கு முன்னால் இருக்கும் சிறிய மேலுதட்டையும் இடுக்கியால் தூக்கிக் காட்டுங்கள். அனோமலோகாரிஸின் கை இந்த இரண்டில் எதுவாக ஆனது என்பதுதான் இப்போது நடக்கும் வழக்கு என்று சொல்லுங்கள். எந்தச் சான்று கிடைத்தால் எந்தப் பக்கம் தீர்ப்பாகும் என்று அவர்களையே எழுதச் சொல்லி, எழுதியதை எனக்கும் அனுப்புங்கள். அந்த மாணவி எழுதுவதைப் படிக்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்